எதிரே இருப்பவரின் நேரம்

10 நிமிடச் சதுரங்க ஆட்டம். பதினான்காவது நகர்த்தலில் ஒருவர் ராணியை விட்டுவிடுகிறார். அவர் கடிகாரத்தில் இன்னும் 7 நிமிடம் 40 விநாடி இருக்கிறது. அதற்கப்புறம் அவர் எந்தக் காயையும் தொடவில்லை. 7:00, 6:00, 5:00 என்று கடிகாரம் இறங்கிக்கொண்டே போகிறது. ஜெயிக்கப் போகிறவர் திரையை விட்டு எழ முடியாது. எழுந்து போனால், கடைசிப் பத்து விநாடியில் அந்தப் பக்கம் ஒரு நகர்த்தல் வரும், இவர் கடிகாரம் ஆளில்லாமல் ஓடும். ராணியை இழந்தவருக்குக் கிடைக்கும் லாபம் அந்த ஒரு வாய்ப்புதான். கொடுத்த நேரத்துக்குள்தானே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆடுகிற யாரைக் கேட்டாலும் திட்டு வாங்குவதைவிட இதுதான் எரிச்சல் என்பார்கள்.

ஆன்லைன் வியூக ஆட்டங்களில் நாகரிகம் என்று பேசப்படும் விஷயங்களில் பெரும்பகுதி இந்த இடத்தைச் சுற்றியே வரும். எதிராளியின் படையை அழிக்கலாம், திட்டத்தைக் குலைக்கலாம், பொறி வைக்கலாம். அதற்குத்தான் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நேரத்தையும், இரண்டு பேரும் எதை ஒப்புக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார்களோ அந்த நிபந்தனைகளையும் மட்டும் தொடக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்பது பேசுகிறவருக்கே தெரியும். தெரியாமல், அல்லது ‘விதியில் இல்லையே’ என்ற சமாதானத்தோடு செய்கிற தவறுகள்தான் அதிகம். அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தோற்கும்போது

எப்போது ரிசைன் செய்வது, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவது? ஒரு கேள்வி போதும்: நான் பிழைக்க எதிராளி என்ன தவறு செய்ய வேண்டும், அவருடைய மட்டத்தில் அந்தத் தவறு நடக்குமா? 900 ரேட்டிங்கில் (ஆடுகிறவரின் திறனைக் காட்டும் எண்) ராஜாவும் ராணியும் வைத்துக்கொண்டு ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியில்லாமல் போகும் டிரா) ஆக்கிவிடுவது சாதாரணமாக நடப்பது. அந்த மட்டத்தில் கடைசி வரை ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை. 2200-ல் அதே நிலையை இழுத்துக்கொண்டு போவதில் பொருளில்லை. 3+0 ஆட்டத்தில் (ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்குக் கூடுதல் நேரம் இல்லை) எதிராளியிடம் 12 விநாடிதான் இருக்கிறது என்றால், இரண்டு காய் குறைவாக இருந்தாலும் தொடர்ந்து ஆடலாம். நேரமும் ஒரு ஆயுதம் என்று ஒப்புக்கொண்டுதான் இருவரும் அந்தக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 3+2 ஆக இருந்தால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுவதால் அந்த நம்பிக்கை பெரும்பாலும் போய்விடும். நேரம் தீர்ந்தாலும், எதிரே இருப்பவர் சட்டப்படியான எந்த நகர்த்தல் வரிசையாலும் மேட் செய்ய முடியாத நிலையில் இருந்தால் அது டிராதான் என்கிறது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. வெறும் ராஜாவோடு நின்று எதிராளியின் கடிகாரத்தை ஓடவிட்டு ஜெயிக்க முடியாது.

ஆக, தோற்கும் நிலையில் தொடர்ந்து ஆடுவது வேறு, ஆடாமல் உட்கார்ந்திருப்பது வேறு. முன்னது போராட்டம். பின்னதற்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது.

நீங்கள் காத்திருக்கும் பக்கம் இருந்தால் என்ன செய்வது? சாட்டில் கெஞ்சாதீர்கள், திட்டாதீர்கள். அந்த ஜன்னலை மூடாதீர்கள். எதிராளி தளத்தை விட்டே போய்விட்டிருந்தால் லிச்செஸ் போன்ற சதுரங்கத் தளங்கள் சிறிது நேரத்தில் வெற்றியைக் கோரும் பொத்தானைக் காட்டும். அவர் உள்ளேயே இருந்து இழுத்தடித்தால் காத்திருக்கத்தான் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். இழுத்தடிப்பை இந்தத் தளங்கள் கணக்கில் வைக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்கிறவருக்குத் தற்காலிகத் தடை விழும்.

முறை வைத்து ஆடாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடும் நிகழ்நேர வியூக ஆட்டங்களில் இதே நோய் வேறு உருவத்தில் வரும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் ஊரே எரிந்த பிறகு ஒரே ஒரு வில்லேஜரை (வேலை செய்யும் ஊர்க்காரரை) வரைபடத்தின் மூலையில் ஒளித்துவைப்பார்கள். ஜெயித்தவர் குதிரைகளை மூலை மூலையாக அனுப்பித் தேட வேண்டும். விண்வெளிப் போர் ஆட்டமான ஸ்டார்கிராஃப்டில் டெர்ரன் என்ற மனித இனத்தை ஆடுகிறவர்கள் கட்டடங்களை மேலே தூக்கி ஓர் ஓரத்தில் மிதக்கவிடுவார்கள். இதில் ஒரு நியாயமான சூழல் உண்டு. எதிராளியிடம் வானில் சுடும் படை இல்லை, அதைக் கட்டக் காசும் இல்லை என்றால் மிதக்கவிடுவது உண்மையான தற்காப்பு. ஸ்டார்கிராஃப்ட் 2-ல் இரு பக்கமும் வருமானமும் உற்பத்தியும் இல்லாமல், எதுவும் அழியாமல் 3 நிமிடம் போனால் ஆட்டமே டிரா என்று முடித்துவிடும். அந்த டிராவுக்குப் பாடுபடலாம். எதிராளியிடம் எல்லாம் இருக்கும்போது, அவர் கட்டி முடிக்கும் வரை சும்மா மிதப்பது அவருடைய ஐந்து நிமிடத்தைத் தின்பது மட்டுமே.

குழு ஆட்டத்தில் ரிசைன் உங்கள் தனிப்பட்ட முடிவு அல்ல. 2-க்கு 2 ஆட்டத்தில் உங்கள் ஊர் போனதும் நீங்கள் போய்விட்டால் கூட்டாளி தனியாக இரண்டு பேரைத் தாங்க வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் சந்தை இருந்தால் மிச்சமிருக்கும் பொருளை அவருக்கு அனுப்பலாம். தொடக்கத்தில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளும், நாணயச் சாலை ஆராய்ச்சிக்குப் பிறகு அது 20 ஆகும். கழிவு போக வருவதும் அவருக்கு ஒரு சுவரோ நான்கு ஈட்டிக்காரரோ ஆகும். அனுப்பிவிட்டு, ‘விடலாமா?’ என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு போங்கள்.

‘ஜிஜி’ பற்றி ஒரு வார்த்தை. நல்ல ஆட்டம் என்ற பொருளில் தொடங்கினாலும், நிகழ்நேர வியூக ஆட்டங்களில் அது தோல்வியை ஒப்புக்கொள்ளும் சொல். அதனால் தோற்றவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜெயித்துக்கொண்டிருப்பவர் முந்திக்கொண்டு அடித்தால் ‘இன்னும் ஏன் இருக்கிறாய், கிளம்பு’ என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் மரியாதையாக நினைத்து இதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எதிராளி அடித்ததும் நீங்களும் அடியுங்கள். அதோடு ‘லேக் அடித்தது’, ‘புது பில்ட் முயற்சி செய்தேன்’ என்று எதையும் சேர்க்காதீர்கள்.

தொடங்கும்போது

வரிசையில் நிற்கும் முன்பே ஆட்டம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று கணக்குப் போடுங்கள். சதுரங்கத்தில் ஒருவருக்கு 60 நகர்த்தல் என்று வைத்துக்கொண்டால், 3+2 என்பது ஆளுக்கு 5 நிமிடம், மொத்தம் 10. 15+10 என்பது ஆளுக்கு 25, மொத்தம் 50. இருபது நிமிடத்தில் கிளம்ப வேண்டியவர் 15+10 பொத்தானை அழுத்தினால், அந்த நொடியிலேயே எதிராளியின் மாலை பாழ்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ரேங்க் ஆட்டங்களில் (முடிவு ரேட்டிங்கில் சேரும் ஆட்டங்கள்) இன்னொரு தொல்லை, பிடிக்காத மேப் வந்தால் லோடிங் திரையிலேயே ஆல்ட்-எஃப்4 அடித்து ஓடுவது. 4-க்கு 4 ஆட்டத்தில் வரிசை 8 நிமிடம் என்றால், மற்ற ஏழு பேரின் 56 நிமிடத்தை ஒரு விரல் அழிக்கிறது. மேப்புகளைத் தடுத்துக்கொள்ள வழி கொடுத்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். தடுத்ததையும் மீறித் தெரியாத மேப் வந்தால் ஆடிவிடுங்கள். அதற்காகவே எல்லா மேப்பிலும் ஓரளவு செல்லுபடியாகும் ஒரு பில்ட் ஆர்டரை (எதை எந்த வரிசையில் கட்டுவது என்ற திட்டத்தை) கைவசம் வைத்திருப்பது நல்லது.

பாஸ் போடுவதற்கும், அதாவது ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைப்பதற்கும், முறை உண்டு. காரணமும் நேரமும் சொல்ல வேண்டும்: ‘நெட் போகிறது, 2 நிமிடம்’. சண்டை நடக்கும்போது போட்டால் அது உங்களுக்கு யோசிக்க இலவச நேரம். அதனால் உயிர் போகிற காரணம் இல்லாவிட்டால் சண்டை முடியும் வரை பொறுங்கள். திரும்பத் தொடங்கும் முன் ‘ரெடியா?’ என்று கேட்டு, பதில் வந்ததும் 3, 2, 1 அடித்து எடுங்கள். சொல்லாமல் எடுப்பதும் திருட்டுத்தான், எதிராளியின் கை அந்த நேரம் மௌஸில் இருக்காது.

கொடூரமாக ஆடுவது தவறில்லை

இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் அரேபியா மேப்பில் ஒவ்வொருவருக்கும் 8 ஆடு, 2 காட்டுப்பன்றி. ஆடு ஒன்றுக்கு 100 உணவு, பன்றி ஒன்றுக்கு 340. தொடக்கத்திலேயே உங்கள் ஸ்கௌட் (வேவு பார்க்கும்) குதிரையை அனுப்பி எதிராளியின் பன்றியை உங்கள் ஊருக்கு இழுத்து வந்துவிட்டால் அவருக்கு 340 உணவு போச்சு. வில்லேஜர் ஒருவருக்கு 50 உணவு, அப்படியானால் கிட்டத்தட்ட ஏழு வில்லேஜர். இதைச் செய்தவரை ஆட்டம் முழுக்கச் சாட்டில் வசைபாடுகிறவர்கள் உண்டு. வசைபாடுகிறவர்தான் தவறு செய்கிறார். ஆட்டத்துக்குள் இருக்கும் வழி அது, தடுக்கவும் வழி இருக்கிறது: பன்றி எங்கே இருக்கிறது என்று சீக்கிரம் பார்த்து, உங்கள் ஸ்கௌட்டை அந்தப் பக்கம் வைத்திருங்கள். ஸ்டார்கிராஃப்டில் தொடக்கத்திலேயே பாயும் 12 பூல், பீரங்கி ரஷ் போன்ற தாக்குதல்கள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தனி லாபியில் (ஒருவர் தானே திறந்து வைக்கும் ஆட்ட அறையில்) ‘பன்றி திருடக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தால் கதை வேறு. உள்ளே வந்ததே ஒப்புக்கொண்டதாகும். தொடங்கிய பிறகு ‘20 நிமிடம் தாக்கக் கூடாது’ என்று ஒருவர் அறிவித்தால் அது மற்றவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் ‘சரி’ என்று அடித்துவிட்டால் கட்டுப்படுத்தும்.

எது அனுமதி, எது திருட்டு என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்வதேச அமைப்பான ஐசிசிஎஃப் நடத்தும் அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் கணினி இன்ஜினை (நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை)ப் பயன்படுத்தலாம். லிச்செஸில் நாள்கணக்கில் நடக்கும் ஆட்டத்தில் இன்ஜின் கூடாது, தொடக்க நகர்த்தல் தொகுப்பைப் பார்க்கலாம். விண்வெளிப் பேரரசு ஆட்டமான ஓகேமில் ஒரே கிரகத்தை 24 மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் தாக்கக் கூடாது, முறைப்படி போர் அறிவித்திருந்தால் தளர்வு உண்டு. ஒரு தளத்தில் பழகிய வழக்கத்தை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். விதிப் பக்கத்தைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும்.

ஸ்மர்ஃப் கணக்கு

‘சும்மா ஜாலிக்காக ஒரு புது ஐடி’ என்று சொல்லிக்கொண்டு, தன் உண்மையான பலத்தை மறைக்கும் ஸ்மர்ஃப் கணக்கில் வருகிறவர் என்ன எடுத்துக்கொண்டு போகிறார் என்று எண்ணிப் பார்ப்போம். ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறையில் 400 புள்ளி வித்தியாசத்தில் கீழே இருப்பவர் எதிர்பார்க்கக் கூடியது 11 ஆட்டத்தில் ஒரு புள்ளி. 600 வித்தியாசம் என்றால் நூற்றில் மூன்று. உங்கள் ரேட்டிங் 1000, வந்திருப்பவரின் உண்மையான பலம் 1600. அவர் தன் சொந்த ஐடியில் வந்திருந்தால், கே எண் (ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் மாறக்கூடிய புள்ளி) 32 என்று கொண்டால், தோல்விக்கு நீங்கள் இழப்பது ஒரே ஒரு புள்ளி. அவர் 1000 என்று போட்டுக்கொண்டு வந்தால் 16 புள்ளி. மிச்சம் 15 புள்ளி பொய்யால் எடுத்தது. அவர் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து, ஒவ்வொரு முறையும் தனக்குச் சமமாகத் தெரிகிறவரோடு மோதித் தன் உண்மையான இடத்துக்குப் போக 38 ஆட்டம் வேண்டும். 38 பேர், ஒவ்வொருவருக்கும் அரை மணியோ ஒரு மணியோ. அந்த 38 பேரில் சிலர் அன்றுதான் முதல் ரேங்க் ஆட்டம் ஆடியிருப்பார்கள்.

வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை இறக்குவதும் இதே கணக்குதான், பலன் அனுபவிக்கும் வரிசை மட்டும் மாறும். புது பில்ட் பழக வேண்டும் என்றால் ரேங்க் இல்லாத ஆட்டம் இருக்கிறது, ஏஐ இருக்கிறது, நண்பர் இருக்கிறார்.

பொய் சொல்லும் ஆட்டங்கள்

டிப்ளமசியைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஆலன் கலாமர் உருவாக்கி 1959-ல் வெளிவந்த பலகை ஆட்டம், இன்று இணையத்தில் பெரிதாக ஆடப்படுகிறது. 7 வல்லரசுகள், 34 சப்ளை சென்டர் (படைக்கு ஆதாரமான இடங்கள்), அவற்றில் 18 பிடித்தவர் வெற்றி. பகடை கிடையாது. எல்லாரும் எழுதிய ஆர்டர்கள் (படைகளுக்கான உத்தரவுகள்) ஒரே நேரத்தில் திறக்கப்படும். வாக்கை மீறாமல் 18-ஐத் தொட்டவர் அபூர்வம்.

ஆட்டத்தின் முதல் சுற்றான 1901 வசந்தத்தில் ரஷ்யா ஆஸ்திரியாவுக்கு எழுதுகிறது: ‘கலீசியாவுக்கு நான் வர மாட்டேன், நீங்களும் வராதீர்கள்.’ ஆஸ்திரியா நம்பி வியன்னா படையை வேறு பக்கம் திருப்புகிறது. திறந்து பார்த்தால் ரஷ்யாவின் வார்சா படை இரு நாட்டுக்கும் நடுவிலுள்ள கலீசியாவில் நிற்கிறது. இது ஆட்டம். இதற்காக ரஷ்யாவை ஆடியவரைப் பொய்யர் என்று அழைப்பது, சதுரங்கத்தில் யானையைப் பறிகொடுத்துவிட்டு எதிராளியைத் திருடன் என்பதைப் போன்றது.

ஆனால் அதே ஆள், ‘வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கெடுவை ஒரு நாள் தள்ளி வையுங்கள்’ என்று பொய்யாக எழுதி, அந்த நாளில் கூட்டணி பேசி முடித்தால் அது வேறு. பலகையில் இருக்கும் நாடு பொய் சொல்லலாம், நாற்காலியில் இருக்கும் மனிதர் சொல்லக் கூடாது. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால், நீங்கள் சொல்லும் வாக்கியம் எதைப் பற்றியது என்று பாருங்கள். படை, எல்லை, உடன்படிக்கை பற்றி என்றால் சொல்லலாம். உங்கள் உடல்நிலை, வேலை, தளத்தின் விதி, நடுவர் சொன்னது பற்றி என்றால் உண்மை மட்டுமே. ‘இந்த முறை முதுகில் குத்தினால் அடுத்த பத்து ஆட்டத்திலும் உன்னை முதலில் முடிப்பேன்’ என்ற மிரட்டலும் கோட்டுக்கு வெளியே. ஒவ்வொரு ஆட்டமும் தனி ஆட்டம். ஒரே ஆள் இரண்டு ஐடியில் இரண்டு நாடுகளை ஆடுவது பற்றிப் பேசவே வேண்டாம், மற்ற ஐந்து பேரும் அன்றே தோற்றுவிட்டார்கள்.

குத்துப்பட்டவர் பழிவாங்கலாமா? அந்த ஆட்டத்துக்குள் தாராளமாக. குத்தினால் விலை உண்டு என்ற பயம்தான் கூட்டணிகளைத் தாங்கிப் பிடிக்கிறது. வெளியில் நண்பர் என்பதற்காகத் தன் சென்டர்களைத் தாரை வார்ப்பது மோசடி. இரண்டும் பலகையில் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் நண்பர்கள் ஒரே ஆட்டத்தில் சேர்வதாக இருந்தால் தொடங்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

டிப்ளமசியில் மன்னிக்கவே கடினமான குற்றம் ஒன்று இருக்கிறது, அது பொய் அல்ல. ஆர்டர் போடாமல் காணாமல் போவது. இத்தாலியை ஆடியவர் மூன்றாவது நாள் மறைந்துவிட்டால், அவர் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆஸ்திரியாவுக்குத் தென்மேற்கில் காவலே வேண்டாம், எல்லாப் படையையும் துருக்கி மேல் திருப்பலாம். துருக்கியை ஆடியவர் ஒரு தவறும் செய்யாமல் அழிகிறார், இரண்டு மாதம் நடக்க வேண்டிய ஆட்டம் சிதைகிறது. இதற்கு எளிய தடுப்பு உண்டு. 24 மணி நேரச் சுற்று திறந்ததும் முதல் வேலையாக, நாளைக்கு நெட்டே இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்னும் அளவுக்கு ஒரு தற்காப்பு ஆர்டரைப் பதிந்து சேமித்துவிடுங்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நிரந்தரமாக விலக வேண்டி வந்தால் நடுவருக்குச் சொல்லி மாற்று ஆளை உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.

சந்தேகம் வந்தால்

எதிராளி ஏமாற்றுகிறார் என்று தோன்றினால் சாட்டில் சொல்லாதீர்கள். அவர் நேர்மையானவராக இருந்தால் நீங்கள் அவமானப்படுத்திவிட்டீர்கள். ஏமாற்றுகிறவராக இருந்தால் உஷார்படுத்திவிட்டீர்கள்.

சதுரங்கத்தில் தளம் காட்டும் ‘96 சதவீதத் துல்லியம்’ என்பது மட்டும் ஆதாரமாகாது. எட்டாவது நகர்த்தலில் நீங்கள் ஒரு காயை இழந்து 18-ல் முடிந்த ஆட்டத்தில் யாருக்கும் அந்த எண் வரும். நேரத்தைப் பாருங்கள். எளிதான திருப்பி வெட்டலுக்கும், இருபது நிமிடம் யோசிக்க வேண்டிய நகர்த்தலுக்கும் ஒரே மாதிரி ஆறேழு விநாடி ஆகியிருந்தால், அதுவும் பல ஆட்டங்களில் தொடர்ந்தால், ரிப்போர்ட் செய்யலாம். மேப் ஹாக் (மறைந்திருக்கும் வரைபடத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது) சந்தேகம் என்றால் ரீப்ளேயை, அதாவது ஆட்டப் பதிவை, அவருடைய பார்வையில் ஓடவிடுங்கள். இருட்டாக இருக்கும் மூலைக்கு, தேடாமல் நேர்கோட்டில் அவர் படை போகிறதா? ஒருமுறை போனால் அதிர்ஷ்டம். நான்கு முறை போனால் அந்த நான்கும் ஆட்டத்தின் எத்தனையாவது நிமிடத்தில் நடந்தன என்று எழுதி, ரீப்ளேயோடு அனுப்புங்கள். ‘இவன் திருடன், தடை செய்யுங்கள்’ என்ற ஒரு வரியை வைத்து நடுவர் ஒன்றும் செய்ய முடியாது.

போட்டித் தொடர்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டோம், அடுத்த சுற்றில் யார் வருவார் என்று பார்த்துக் கடைசி ஆட்டத்தைத் தோற்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் இப்படி ஆடிய நான்கு ஜோடிகளை வெளியேற்றினார்கள். ஸ்டார்கிராஃப்டில் 2010-ல் தென்கொரியத் தொழில்முறை வீரர்கள் சிலர் பணத்துக்காக ஆட்டங்களை விட்டுக்கொடுத்தது வெளியே வந்தபோது ஆயுள் தடை விழுந்தது, அந்த ஆட்டத்தின் பெயரே அங்கே கெட்டது. சின்னப் போட்டியில் பரிசு இல்லாமல் இருக்கலாம். நீங்கள் விட்டுக்கொடுத்த அந்த ஆட்டத்தால் வெளியே போன மூன்றாவது ஆள் இருக்கிறார்.

கடைசியாக, புதியவரை ஜெயித்த பிறகு. கேட்காமல் அறிவுரை சொன்னால் அது குத்திக்காட்டுவதாகத்தான் கேட்கும். ‘ரீப்ளே சேர்ந்து பார்க்கலாமா?’ என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ‘சரி’ என்றால், எல்லாத் தவறையும் பட்டியல் போடாமல் ஒன்றை எடுத்து நேரத்தோடு சொல்லுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்றால் இப்படி: ‘11-வது நிமிடத்தில் சண்டை நடந்தபோது உங்கள் டவுன் சென்டர் 75 விநாடி சும்மா நின்றது. ஒரு வில்லேஜருக்கு 25 விநாடி, அப்போ மூணு பேர் வராமல் போயிட்டாங்க. சண்டைக்குப் போகும் முன்னாடி மூணு பேரை வரிசையில் போட்டுட்டுப் போங்க.’ அடுத்த ஆட்டத்தில் அவர் செய்து பார்க்க அது போதும்.